மடக்கி விரிக்கும் கை

"கையை நல்லா மடக்கி மடக்கி விரிங்க."

இந்த ஒரு வாக்கியத்தை என் வாயிலிருந்து அகற்ற நான் பட்ட பாட்டை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லியும் பார்த்தேன், சிரிக்கத்தான் செய்தார்கள்.

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில், நடுத்தர அளவிலான ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். காலையில் வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களுக்கு ரத்தம் எடுப்பதும், அதை மெஷினில் வைத்து முடிவு கொடுப்பதும் என் வேலை. ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை நீட்டச் சொல்வேன். முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டுவேன். கையை மடக்கி விரிக்கச் சொல்வேன். நரம்பு எழும்பும். ஸ்பிரிட் தடவி ஊசியை இறக்குவேன். என் தலையில் ஒரு நரைமுடிகூட இல்லாத காலத்தில் ஆரம்பித்த இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை. நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் மூத்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள். நானும் செய்தேன். எனக்குப் பிறகு வந்தவர்களுக்கும் இதையே காட்டிக் கொடுத்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரி தரச் சான்றுக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தது. அதற்காக ஆத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட வயதில் மிகச் சிறியவள். அவளும் முதலில் என்னைப்போல ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள்தான், பிறகு தரக் கட்டுப்பாட்டுக்குத் தனியாகப் படித்திருக்கிறாள். நான் வேலை செய்யும்போது எனக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நிற்பாள். குரலை உயர்த்த மாட்டாள். ஒவ்வொரு ஆளும் எழுந்து போன பிறகு, "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா" என்று ஆரம்பிப்பாள். அந்த 'ஒண்ணு' ஒரு நாளும் ஒன்றோடு நின்றதில்லை.

கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியை நான் கிழித்துவிட்டுக்கொள்வேன். வெறும் விரலால் தொட்டால்தான் நரம்பு தெரியும் என்பது என் நம்பிக்கை. அது கூடாது என்றாள். தடவிய ஸ்பிரிட் சீக்கிரம் காய்வதற்கு வாயால் ஊதுவேன். கூடவே கூடாது. குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடுவேன். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் மாறியது.

இவற்றையெல்லாம் நான் சீக்கிரமே விட்டுவிட்டேன், அதில் எனக்குச் சிரமம் இல்லை. என் கைக்குச் சரியான அளவில் கையுறை வாங்கித் தந்தார்கள், அதை மாட்டிக்கொண்டு தொட்டாலே நரம்பு தெரிந்தது. இத்தனை காலமும் ஒரு அளவு பெரிய கையுறையைப் போட்டுக்கொண்டு விரலைக் குறை சொல்லியிருக்கிறேன். முகக்கவசம் போட்டதும் ஊதுவது நின்றது. குத்திய ஊசியைப் போடும் டப்பாவை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றியதும் மூடி போடும் வேலையும் நின்றது. கை செய்யும் தப்புக்குக் குறுக்கே ஏதாவது ஒரு பொருளை வைத்துவிட முடிகிறது. வாய் செய்யும் தப்புக்கு எதை வைப்பது?

"அக்கா, மடக்கி விரிக்கச் சொல்லாதீங்க."

"ஏன்?"

"பொட்டாசியம் ஏறிடும்க்கா."

எனக்கு முகம் சுட்டது. ஏன் என்று கேட்டிருக்கவே கூடாது. பட்டையைக் கட்டிவிட்டுக் கையை இறுக்கி இறுக்கி விரித்தால் தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்துவிடும். உடம்பில் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இதை நான் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருப்பேன். தெரியாமல் செய்திருந்தால் தெரிந்துகொண்டேன் என்று ஆறுதல் அடையலாம். எனக்குத் தெரிந்தே இருந்தது, வாய் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தேன். முதல் ஆளுக்கே சொன்னேன்.

"அக்கா, சொன்னீங்க."

"எப்போ? நான் சொல்லலையே."

நாற்காலியில் இருந்த பெரியவர் குறுக்கே வந்தார். "சொன்னீங்க அம்மிணி. நீங்க சொல்லித்தானுங்க நான் மடக்குனேன். சாட்சிக்கு நான் இருக்கறன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தச் சொற்கள் வெளியே போனதை என் காது கேட்கவே இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பதைப்போல, ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டுவாள், அல்லது ஆட்டாமல் இருப்பாள்.

பேசாமலே இருந்துவிடலாம் என்று ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு எடுத்தேன். அதில் வேறு தொல்லை வந்தது. வழக்கமாகச் சர்க்கரை பார்க்க வரும் ஒரு அம்மா வெளியே போய், அடுத்து உட்கார்ந்திருந்தவரிடம் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது. "இன்னிக்கு அந்தம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரு வார்த்த பேசலீங்க. எனக்கு என்னமோ பெருசா இருக்குதாட்ட இருக்குது. சொல்ல மாட்டேங்கறாங்க." அடுத்து வந்தவர் நடுங்கிக்கொண்டே கையை நீட்டினார்.

சரி, பழைய வாக்கியத்துக்குப் பதிலாகப் புதிய வாக்கியம் ஒன்றை வைப்போம் என்று, "கையைச் சும்மா வைங்க" என்று சொல்லப் பழகினேன். பாதி நேரம் அது, "கையைச் சும்மா மடக்கி மடக்கி விரிங்க" என்று முடிந்தது. ஆத்தூர்ப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்பில் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். எந்த இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தலாம் என்று தேடுவேன். பட்டையின் முடிச்சை இறுக்கும் அந்த நொடியில்தான் வாய் திறக்கிறது என்று ஒரு மாலை கண்டுபிடித்தேன். வாய்க்குக் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பட்டையில் முடிந்து வைத்ததைப்போல. அதற்குப் பிறகு முடிச்சுப் போடும்போதெல்லாம் நாக்கின் நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டேன். முகக்கவசம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மூன்று முறை நன்றாகவே கடித்துக்கொண்டேன். சாயங்காலம் ரசம் எரிந்தது. ஆனால் வாக்கியம் நின்றது. ஒரு காலை முழுக்க ஒரு முறைகூடச் சொல்லவில்லை என்று அவளே சொன்னபோது, கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

"நல்லது. இப்ப நீங்க உக்காருங்கக்கா. நான் உங்களுக்கு எடுக்குறேன். பட்டையை எவ்வளவு நேரம் கட்டலாம்னு காட்டுறேன்" என்றாள்.

உட்கார்ந்தேன். கையை நீட்டினேன். அவள் பட்டையைக் கட்டினாள். எதுவும் சொல்லவில்லை.

என் கை மடங்கி மடங்கி விரிந்தது.

நான் கவனிக்கவே இல்லை. அவள் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் நானும் குனிந்து பார்த்தேன். விரல்கள் தாமாகவே மூடித் திறந்துகொண்டிருந்தன. என் கைதான். நில் என்று அதற்குச் சொன்னேன், ஒரு முறை அதிகமாகவே மடங்கிவிட்டு நின்றது.

அதன் பிறகுதான் நான் வரிசையில் இருப்பவர்களின் கைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அதுவரை என் வாயை மட்டும்தான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். நான் சொல்லாமலே எல்லோரும் மடக்கி விரித்துக்கொண்டிருந்தார்கள். பட்டையைக் கட்டியதும் மடக்கினார்கள். சிலர் கட்டுவதற்கு முன்பே தொடங்கினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், முறை வருவதற்கு முன்பே கையைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள். "இப்பவே பண்ணிக்கிட்டா உள்ள போனதும் நரம்பு பட்டுனு தெரியுமுங்" என்று பக்கத்தில் இருந்தவளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவளும் ஆரம்பித்தாள். பெஞ்சு முழுக்கக் கைகள் மூடித் திறந்துகொண்டிருந்தன.

இத்தனை காலமும் இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு நான் கற்றுக்கொடுத்த பாடம் அது. என் வாயிலிருந்து நான் பிடுங்கி எறிந்துவிட்டேன். அது அவர்கள் எல்லோருடைய கைக்கும் போய் உட்கார்ந்துவிட்டது.

"மடக்க வேண்டாங்க. சும்மா வைங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

"ஆமாங்க" என்றார்கள். மடக்கினார்கள்.

எங்கள் பக்கத்து 'ஆமாங்க' என்பது எதிராளி பேசுகிறார், நாம் மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறோம் என்பதற்கான அடையாளம். காதில் விழுந்ததா, புரிந்ததா, செய்வார்களா என்பதெல்லாம் அதற்குள் வராது. வேறு ஊர்க்காரர்கள் இதை நம்பி ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஊர்க்காரியான நான் ஏமாறுவதற்கு நியாயமே இல்லை.

லாரி பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மட்டும் 'ஆமாங்க' சொல்லவில்லை. கேள்வி கேட்டார்.

"நீங்கதானுங்க மடக்கச் சொன்னீங்க?"

"ஆமா. இப்ப வேண்டாங்கறேன்."

"அப்ப அன்னிக்குத் தப்புங்களா, இன்னிக்குத் தப்புங்களா?"

"அன்னிக்குத்தான்."

"அட. அப்ப இத்தன நாளா எங்க ரத்தத்த வெச்சு என்னத்தப் பாத்தீங்க?"

பின்னால் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் தடவினேன். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். அந்தக் கேள்வி போகாமல் என்னோடேயே இருந்தது.

இப்போது ஒரு எருமைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் காடு வைத்திருப்பவர். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறார், வீட்டில் எருமைகள். இரண்டு வேளையும் அவரேதான் பால் கறப்பார். சிறுநீரகம் கொஞ்சம் கெட்டிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்களிடம் வந்துகொண்டிருக்கிறார். கூடவே மனைவியும் வருவார். சர்க்கரை, உப்பு எல்லாம் ஒரு மாதிரி நிலையாக இருந்தன. பொட்டாசியம் மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது.

பொட்டாசியம் அதிகமானால் இதயம் நின்றுபோகலாம். எங்கள் டாக்டர் அதனால்தான் ஒவ்வொன்றாக நிறுத்தினார். இளநீர் வேண்டாம். வாழைப்பழம் வேண்டாம். தக்காளி, கீரை குறைக்க வேண்டும். குச்சிக்கிழங்கு கூடாது. கடைசியில் தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பொடி.

"சுண்ணாம்பக் கரச்சுக் குடிக்கறாப்பல இருக்குதுங் அம்மிணி" என்பார் என்னிடம். "சொந்தக் காட்டுக் கெழங்குங்க. ஊர்ல எல்லாரும் தின்னுட்டு வந்து மாவா இருக்குது, வெண்ணெயா இருக்குதுன்னு எங்கிட்டயே சொல்றானுங்க. என்ற ரத்தத்துல என்னமோ பொட்டாசு வெடிக்குதாமா."

"பொட்டாசு இல்லீங்க, பொட்டாசியம்."

"எதோ ஒண்ணு. வெடிக்காம இருந்தாச் சரி."

ஒரு காலை, வரிசை வாசல் வரை நின்ற நாள். அவர் வந்து உட்கார்ந்தார். பட்டையைக் கட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், எதுவும் சொல்லவில்லை. அவர் மடக்கினார். அதுவரை அவர் மடக்குவதை நான் பார்த்ததே இல்லை. கறக்கும் கை அல்லவா. சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக இறுகி, பிறகு முழங்கை வரை தசை உருண்டு எழுந்தது. "மடக்காதீங்க" என்றேன். "ஆமாங்க" என்றார், இன்னும் அழுத்தமாக மடக்கினார். வெளியே யாரோ மயக்கம் வருகிறது என்று சத்தம் போட்டார்கள். நான் ஊசியை இறக்கி ரத்தத்தை எடுத்துவிட்டு வெளியே ஓடினேன்.

ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் ஆறைத் தாண்டியிருந்தது. டாக்டரிடம் போயிற்று.

நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது கணவனும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் கண்கள் சிவந்திருந்தன.

"சேலத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க சாமி" என்றார் என்னைப் பார்த்ததும். "கழுத்துல கொழாய் போட்டு ரத்தத்தச் சுத்தம் பண்றதாட்ட இருக்குமாமா. இன்னிக்கே போகோணுமாமா. தங்கச்சி மகங்கிட்ட எருமயப் பாத்துக்கச் சொல்லி போன் பண்ணீட்டன். அது இவங்க கைக்குத்தான் பால் எறக்கும். அவங்கைய ஒதச்சுத் தள்ளிப்போடும்."

எருமைக்காரர் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திய இடத்தில் நான் ஒட்டிய பஞ்சு இன்னும் இருந்தது.

நான் தண்ணீர் குடிக்கவில்லை. டாக்டர் அறைக்குப் போனேன். அவர் வேறொருவரின் எக்ஸ்-ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பொட்டாசியம் மறுபடி ஒரு தடவை பார்க்கணும்."

"மெஷின்ல பிரச்சனையா?"

"மெஷின் சரியா இருக்கு சார். எடுத்ததுல. அவர் கையை மடக்கி மடக்கி விரிச்சாரு. நான் பார்த்துக்கிட்டேதான் எடுத்தேன்."

அவர் எக்ஸ்-ரேயைக் கீழே வைத்தார்.

"போன தடவை?"

"தெரியல சார்."

"தெரியலன்னா?"

"போன தடவை நான் கையைப் பார்க்கல. அதுக்கு முன்னாடி நானே மடக்கச் சொல்லியிருப்பேன். எல்லாருக்கும் சொல்லுவேன்."

"எல்லாருக்கும்?"

"ஆமா சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் அந்த நம்பரை வெச்சுத்தாம்மா பொடி எழுதினேன்" என்றார். "இளநியை நிறுத்தினேன். கிழங்கை நிறுத்தினேன். ஈசிஜி பார்த்தா சுத்தமா இருக்கு. எனக்கே என்னமோ ஒட்டலைன்னுதான் இருந்துச்சு. ஆனா கிட்னி ஆளாச்சே, விளையாட முடியாது." மேஜையில் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "இப்பவே எடு. கூடவே நின்னு கவனிச்சு எடு. மறுபடியும் ஆறைத் தாண்டினா ஒரு நிமிஷம் இங்க நிக்கக் கூடாது, சேலம்தான். சொல்லிடு."

ஆத்தூர்ப் பெண்ணும் கூட வந்தாள். எருமைக்காரரை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தோம். மனைவி ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அதற்குள் போர்வை, பிளாஸ்க், டிபன் கேரியர் எல்லாம் வந்துவிட்டிருந்தன. பஸ் ஏறத் தயாராக இருந்தார்கள்.

"இந்தத் தடவை கையை மடக்கவே கூடாதுங்க. நான் பட்டைகூடக் கட்டப் போறதில்லை. உங்க நரம்பு சும்மாவே நல்லாத் தெரியுது" என்றேன். தெரியத்தான் செய்தது, கயிறு மாதிரி. இந்தக் கைக்கு ஒரு நாளும் பட்டை தேவைப்பட்டதில்லை. இந்தக் கையைப் பார்த்தும் மடக்கச் சொல்லியிருக்கிறேன்.

"ஆமாங்க" என்றார். கையை நீட்டியதும் விரல்கள் மடங்கின.

"மடக்காதீங்க."

"நான் மடக்கலீங்களே." மடங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங், கறக்காதீங்கன்னா கறக்கறீங்களே!" மனைவி கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து கையில் ஒரு அடி போட்டார். "அங்க எருமையா நிக்குது?"

"கை கேக்க மாட்டீங்குது புள்ள. ஊசியப் பாத்தா அது பாட்டுக்குப் போவுது."

"ஊசியப் பாக்காதீங்க."

"அப்ப எதப் பாக்கறது?"

ஐந்து நிமிஷம் சும்மா உட்காரச் சொன்னோம். முன்பு மடக்கியதன் பாதிப்பு போக வேண்டும் என்றாள் ஆத்தூர்ப் பெண். உட்கார்ந்தார். மறுபடி கையை நீட்டினார். ஸ்பிரிட் வாடை பட்டதுமே சுண்டுவிரல் அசைந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிடும் போல இருந்தது. அவர் மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கோபம் அவர் மேல்தான் வந்தது.

அவர் மனைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கணவனின் உள்ளங்கையை விரித்து அதன் மேல் அதை வைத்தார், மடக்காமல், விரித்தபடி.

"இது ஒடஞ்சுதுன்னு வைங்க, அப்பறம் தெனமும் சாயங்காலம் டிவி நாடகத்த எனக்கு நீங்கதான் பாத்துச் சொல்லோணும். ஒண்ணு விடாம. ரண்டு மாமியாரும் என்ன பேசுனாங்கன்னு சொல்லோணும்."

எருமைக்காரரின் முகத்தில் உண்மையான பயம் தெரிந்தது. கை அசையாமல் நின்றது. நகரும் கண்ணாடியை நிறுத்த உள்ளங்கையை லேசாகச் சாய்த்துச் சமன் செய்துகொண்டார். பார்வை முழுக்கக் கண்ணாடி மேலேயே இருந்தது.

நான் ஊசியை இறக்கினேன். மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் மெதுவாக ஏறியது. பட்டை இல்லாததால் இன்னும் மெதுவாக. ஒரு முறை மட்டும் கட்டைவிரல் உள்ளே வர முயன்றது. "நாடகம்" என்றார் மனைவி. கட்டைவிரல் திரும்பிப் போயிற்று.

குழாயைச் சுழற்றி, மெஷினில் வைத்து, எண் வரும்வரை நான் அதன் முன்னாலேயே நின்றேன். எனக்கு வர வேண்டிய எண் எது என்று தெரியவில்லை. இயல்பான அளவாக வந்தால், நல்லபடியாக இருந்த மனிதரை இத்தனை மாதம் பொடி குடிக்க வைத்திருக்கிறேன். மறுபடி ஆறைத் தாண்டினால் அவர் சேலம் போக வேண்டும். எதற்கு ஆசைப்படுவது?

இரண்டும் வரவில்லை. ஐந்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

டாக்டர் பார்த்தார். "சேலம் வேண்டாம். பொடியைப் பாதியாக்கறேன். அடுத்த வாரம் இதே மாதிரி எடு." பிறகு, "அப்ப இத்தனை நாள் ஏறினதுல கிட்னியோடது எவ்வளவு, கையோடது எவ்வளவு?" என்றார்.

பழைய ரத்தம் இப்போது இல்லை. இருந்திருந்தாலும் அது சொல்லாது. எந்த முறை நோய் ஏறியது, எந்த முறை விரல்கள் ஏற்றின என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. எல்லாவற்றையும் வரிசையாக, சரியாக வைத்திருக்கிறேன் என்று நினைத்து வாழ்ந்தவள் நான். அலமாரியில் குழாய்களைக்கூட மூடியின் நிறம் பார்த்து அடுக்குவேன். அந்த அலமாரியை அன்று எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெளியே வந்து சொன்னேன். மனைவி இரண்டு கைகளையும் கூப்பினார். 

எருமைக்காரர் கேட்டார்: "அப்ப எளநி குடிக்கலாங்களா?"

"இப்ப வேண்டாங்க."

"கெழங்கு?"

"வேண்டாங்க. அடுத்த வாரம் பார்த்துட்டு டாக்டர் சொல்லுவாரு."

"பின்ன என்னத்துக்குங்க ரண்டு தடவ குத்துனீங்க?"

"சேலம் போக வேண்டாங்கறாங்கல்ல. எந்திரிங்க, எருமைக்கு நேரமாச்சு" என்றார் மனைவி. "மொதல்ல என்ற கண்ணாடியக் குடுங்க." அது இன்னும் அவர் உள்ளங்கையில்தான் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் ஒரு நடுவயதுக்காரி உட்கார்ந்ததும் சுருக்குப்பையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "எதுக்குங்க?" என்றேன். "இங்க கைல எதாச்சும் வெச்சாத்தான் எடுப்பாங்களாமா." அடுத்தவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். லாரி பட்டறைக்காரர் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதோடு நிற்காமல், கீழே விழுந்துவிடும் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மடக்கி விரிப்பதிலாவது விரிவதும் உண்டு, இவர் கை விரியவே இல்லை.

ஆத்தூர்ப் பெண் சுவரோரம் நின்றுகொண்டு, "அக்கா, இது எந்த நடைமுறையில இருக்கு?" என்றாள்.

"நான் சொல்லலை" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

சாவிக்கொத்தை வாங்கி மேஜையில் வைத்தேன். எலுமிச்சம்பழத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொருவருடைய விரல்களையும் தொட்டுப் பிரித்து, தளர்வாக வைத்து, அது அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊசியை எடுத்தேன். வரிசை நீண்டது. பசி என்று சத்தம் போட்டார்கள். பஸ் போய்விடும் என்று திட்டினார்கள். கேட்டுக்கொண்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்குக் கடைசியில்தான் எருமைக்காரர் வந்தார். காலைக் கறவை முடித்துவிட்டு வந்திருந்தார், சட்டையில் பால் வாடை. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். கணவன் கையை நீட்டிக் கேட்டபோது கொடுக்கவில்லை. "எனக்குப் பாக்கோணும். நீங்களே வெச்சுக்குங்க கைய" என்றார்.

அவர் உள்ளங்கையை மேலே திருப்பி, மேஜைமேல் வைத்தார். எதுவும் இல்லாத கையை, ஏதோ இருப்பதைப்போல லேசாகச் சாய்த்துச் சமன் செய்தார்.

"மடக்கோணுங்களா அம்மிணி?"

"வேண்டாங்க."

"ஆமாங்க" என்றார்.

நான் நரம்பைப் பார்க்கவில்லை, அவர் விரல்களைப் பார்த்தேன். சுண்டுவிரல் கொஞ்சம் துடித்தது. காத்திருந்தேன். அடங்கியது. பிறகு ஊசியை எடுத்தேன்.